முப்பது மார்க் எடுத்த மழை

நேற்று சாயங்காலம் எங்கள் மொட்டை மாடியில்...

இருங்கள், வெள்ளிக்கிழமையிலிருந்து ஆரம்பித்தால்தான் புரியும்!

நான் குடியிருப்பது பெங்களூர் ஜீவனஹள்ளியில், மொட்டை மாடியில் இருக்கும் ஒற்றை அறையில். கீழே ஹவுஸ் ஓனர் முனிரத்தினம் அண்ணன், அவர் மனைவி சரோஜா அக்கா, அண்ணனின் தங்கை கவிதா.

ஞாயிற்றுக்கிழமை கவிதாவுக்கு நிச்சயதார்த்தம். இடம், என் அறை வாசல்! (என்னை யாரும் கேட்கவில்லை. அண்டா குண்டா எல்லாம் என் கட்டிலுக்கு அடியில்.)

மாப்பிள்ளை சுரேஷுக்கு பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரியில் வேலை. அவருடைய அம்மா மண்டபம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறார்.

"மே மாசத்துல பெங்களூர் மழைய நம்பி மாடியில வெக்கிறீங்களா?"

"ஒரு கொறையும் வராது, நான் பொறுப்பு" என்று அண்ணன் வாக்குக் கொடுத்துவிட்டார்.

ஆக, மழை வந்தால் அண்ணன் மானம் போச்சு. கவிதா இதை ஆயுசுக்கும் மாமியார் வாயால் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்!

வெள்ளிக்கிழமை காலையில் அண்ணன் என்னைப் பிடித்தார். "தம்பி, உங்க கம்ப்யூட்டர்ல மழை வருமான்னு போட்டிருப்பான் இல்ல? பாத்துக்கினு வாங்க."

தொம்மலூர் ஆபீஸில் பார்த்தேன். வந்து சொன்னேன். "ஞாயிறு சாயங்காலம் முப்பது பர்சென்ட் சான்ஸ்ணா."

அண்ணன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்!

"முப்பதா? பாஸ் மார்க்கே முப்பத்தஞ்சு! ஃபெயிலு! மழை வராது!"

பக்கத்தில் ஷாமியானாக்காரர் வேறு. "ஏனூ ஆகல்லா ஸார்!" (ஒன்றும் ஆகாதாம். அவருக்கு ஆகாது!)

"அண்ணா, இது பரீட்சை இல்ல! இந்த மாதிரி பத்து நாள் இருந்தா, அதுல மூணு நாள் மழை வரும்னு அர்த்தம். துணி ஷாமியானா வேணாம், தகர ஷீட் போடுங்க."

"ஷீட் போட்டா சைக்கிள் ஸ்டேண்ட் மாரி இருக்கும் தம்பி. சரி, நாயித்துக்கெழமை அந்தப் பத்துல எத்தினியாவது நாளு?"

(நான்கு வருடம் இன்ஜினியரிங் படித்தவன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்!)

சரோஜா அக்கா பேச்சுக்குள் நுழைந்தார். "அதில்லீங்க. ஊருல நூத்துக்கு முப்பது பங்கு எடத்துலதான் பெய்யும். அது ஒயிட்ஃபீல்டு பக்கம் போயிடும்."

கவிதா தன் பங்குக்கு, "மூணு மணி நேரம் ஃபங்ஷன். அதுல முப்பது பர்சென்ட்னா ஒரு மணி நேரம்தான் பெய்யும். அப்போ சாப்பாடு போட்டுடலாம்ணா!"

சாப்பாடும் அதே மாடியில்தான் தாயே!

எனக்குப் பொறுமை போய்விட்டது. அப்போதுதான் அந்த ஐடியா வந்தது. (இனி எனக்கு ஐடியாவே வர வேண்டாம்.)

சரோஜா அக்கா மாதா மாதம் குலுக்கல் சீட்டு நடத்துகிறார். எல்லார் பெயரையும் எழுதி எவர்சில்வர் சம்படத்தில் போட்டு, குலுக்கி, ஒன்றை எடுப்பார். அந்தச் சம்படத்தையே கேட்டு வாங்கினேன்.

பத்துச் சீட்டு. மூன்றில் 'மழை', ஏழில் 'வெயில்'.

"இப்போ குலுக்கி எடுங்க. 'மழை' வரலாம் இல்ல? அதான் முப்பது பர்சென்ட்!"

"இருங்க" என்று அக்கா உள்ளே போனார்.

கற்பூரத்தோடு வந்தார்!

சம்படம் சாமி படத்துக்கு முன்னால் போனது. கவிதா கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீட்டை எடுத்தாள்.

வெயில்.

"பாத்தீங்களா! சாமியே சொல்லிடுச்சு!"

"அக்கா! அது சும்மா எக்ஸாம்பிள்! இன்னொரு தடவ எடுங்க, மாறும்!"

"சாமி முன்னாடி எடுத்தது எக்ஸாம்பிளா? ரெண்டாவது தடவ கேக்கக் கூடாது தம்பி. தப்பு."

என் ப்ராபபிலிட்டி வகுப்பு குறி சொல்வதில் போய் முடிந்தது! துணி ஷாமியானா உறுதியானது.

நான் விடுவேனா? சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பெரிய நீலத் தார்ப்பாய் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்து, அண்டாக்களுக்குப் பக்கத்தில் தள்ளினேன். மழை வரும் என்று எனக்குத் தெரியாது. பத்தில் மூன்று போதும், அவ்வளவுதான். வராவிட்டால் என்னை வைத்து ஒரு வாரம் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்!

ஞாயிறு. மூன்று மணி வரை மண்டையைப் பிளக்கும் வெயில். அண்ணன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வானத்தைக் காட்டிச் சிரித்தார்.

நாலரைக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள்.

ஐந்துக்குக் காற்று!

தாம்பூலத் தட்டைக் கையில் எடுக்கும்போது முதல் சொட்டு. மாப்பிள்ளையின் அம்மா அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். அவ்வளவுதான். அண்ணன் முகம் செத்துப்போனது. கவிதாவின் கண் நிரம்பிவிட்டது.

நான் ஓடினேன். அண்டாவை உதைத்துத் தள்ளித் தார்ப்பாயை இழுத்து வந்தேன். ஆனால் தனி ஆளாக எப்படிக் கட்டுவது?

"அந்த முனையைக் குடு மச்சா!" என்றது ஒரு குரல்.

மாப்பிள்ளை! பட்டுச் சட்டையோடு தண்ணீர் டேங்க் மேல் ஏறிவிட்டார்!

"டேய் சுரேசு! எறங்குடா! சட்டை!" என்று அவர் அம்மா கத்த, "சட்டை காஞ்சிடும்மா! பொண்ணு நனையிது!" என்று அவர் மேலிருந்து கத்த, மாடி முழுக்க விசில்!

கவிதா அழுதுகொண்டே சிரித்தாள்.

கட்டி முடித்தோம். கொட்டியது பாருங்கள் மழை! பக்கத்தில் இருக்கும் காக்ஸ் டவுன்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. உள்ளே ஒரு சொட்டு இல்லை! நீல வெளிச்சத்தில் மோதிரம் மாற்றினார்கள். (போட்டோகிராஃபர் முன்கூட்டியே சொல்லிவிட்டார், எல்லார் மூஞ்சியும் நீலமாகத்தான் வருமாம்.)

மாப்பிள்ளையின் அம்மா இரண்டாவது தடவை பாயசம் கேட்டு வாங்கினார். "மண்டபத்துல கரண்ட் போயிருக்கும். இதுவே பரவால்ல" என்றார். அண்ணனுக்கு உயிர் வந்தது!

எல்லாரும் போன பிறகு அண்ணன் என் தோளில் கை போட்டார். சரி, இப்போதாவது புரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

"தம்பி, ஃபெயிலான மழையே இப்படி ஊத்துதே... பாஸாயிருந்தா நம்ம கதி என்னா?"

நான் தார்ப்பாயை மடிக்கப் போய்விட்டேன்.

நண்பர்களே, இந்த மனுஷனுக்கு எப்படிப் புரியவைப்பது? யோசனை இருந்தால் கீழே எழுதுங்கள். (சீட்டு, சம்படம், கற்பூரம் இல்லாத யோசனையாக!)