சப்பரம் இழுக்காத ஃபோர்வீல்

அம்மாவின் தம்பியான என் மாமாவுக்கு அந்த நாட்களில் பெரிய பெருமை அவருடைய ஃபோர்வீல் பிக்கப். அதைவிடப் பெரிய பெருமை அது நின்ற உயரம். மற்றவர்களின் வண்டிகளில் ஏறி உட்காரலாம். மாமாவின் வண்டியில் தொற்றிக்கொள்ளத்தான் முடியும். அத்தை ஒரு கையில் சேலையையும் இன்னொரு கையில் கதவையும் பிடித்தபடி மாமாவை ஒரு பார்வை பார்ப்பார். மாமாவுக்கு அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஏதாவது வேலை வந்துவிடும்.

வண்டி வாங்கும்போது அப்படி இல்லை. வாரக்கடைசியில் காட்டுக்குள் போய்க் கூடாரம் போட்டுத் தங்கும் ஒரு கூட்டத்தோடு மாமா சேர்ந்திருந்தார். கூடாரம், அடுப்பு, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் சின்ன டிரெய்லரில் ஏற்றிப் பின்னால் மாட்டினால், வண்டியின் பின்புறம் உட்கார்ந்துகொள்ள, மூக்கு வானத்தைப் பார்த்தது. ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அதனால் பாயா ரும்புட் டவுனில் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டு, பின்பக்கம் கூடுதலாக ஸ்பிரிங் பட்டைகள் போட்டார், நீளமான ஷாக் அப்சோர்பர்கள் போட்டார், முன்பக்கத்தையும் தூக்கிக்கொண்டார். அதற்குப் பிறகு எவ்வளவு பாரத்தை மாட்டினாலும் வண்டி அசைந்துகொடுக்கவில்லை. பாரம் இல்லாவிட்டால் மட்டும் துள்ளியது. மாமாவுக்கு டுரியான் துங்கால் பக்கத்து எஸ்டேட் ஆபீசில் வேலை; வீடும் எஸ்டேட்டுக்குள்ளேதான். அந்தச் செம்மண் ரோட்டில் வீடு போய்ச் சேர்வதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும் என்று என் அப்பா சொல்வார். எனக்கு அந்தத் துள்ளல்தான் வேண்டும்.

அந்த எஸ்டேட்டில் ஓர் அந்தோணியார் கோவில் உண்டு. திருவிழாவுக்கு அந்தோணியாரைச் சப்பரத்தில் வைத்து, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றிப் பவனி வருவார்கள். முன்பெல்லாம் தோளில் சுமந்தார்களாம். பிள்ளைகள் ஒவ்வொருவராக டவுனுக்குப் போய்விட, தோள்கள் குறைந்தன. சப்பரம் டிரெய்லரில் ஏறியது. ஆனால் லயங்களுக்குப் பின்னால் இருந்த மேட்டில், மழை பெய்துவிட்டால் எந்த வண்டியும் சறுக்கியது. அந்த வருடம் கோவில் கமிட்டித் தலைவரின் கண் மாமாவின் வண்டி மேல் விழுந்தது. அவர் கேட்டு முடிப்பதற்குள் மாமா சரி என்றுவிட்டார். முன் சீட்டில் நான்தான் உட்கார வேண்டும் என்றும் அங்கேயே சொல்லிவிட்டார். என் வகுப்பில் இந்தச் செய்தி தெரியாத பிள்ளை ஒன்றுகூட இல்லை. அந்தோணியார் யாரென்றே தெரியாதவர்களுக்கும் விளக்கம் கொடுத்துச் சொல்லியிருந்தேன்.

திருவிழா நெருங்கும்போது மாமா என்னையும் ஏற்றிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். சப்பரத்துக்காக இன்னும் உயர்த்தப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ போட்ட பட்டைகளைக் கழற்றச் சொன்னார். அதோடு நிற்காமல், வண்டியோடு வந்த பட்டைகளிலும் ஒன்றை எடுக்கச் சொன்னார்.

“எல்லாரும் ஏத்தச் சொல்லித்தான் வருவாங்க. நீ ஒருத்தன்தான்லா எறக்கச் சொல்ற. டிரெய்லர மாட்டினா பின்னால படுத்துக்கும், பாத்துக்க,” என்றார் மெக்கானிக்.

“படுக்கட்டும்ணே. குலுங்காம போனா போதும்.”

அத்தை முழுகாமல் இருந்தார். முந்திய வருடம் ஒன்று தங்காமல் போயிருந்தது. மாமா பட்டைகள் போட்ட கொஞ்ச நாளில் அது நடந்ததால், அவர் மனத்தில் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. குலுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னாராம். மாமா டாக்டரை நம்பினார், பட்டைகளைத்தான் நம்பவில்லை. கண் பட்டுவிடும், இந்தத் தடவை வயிறு தெரியும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது என்று குடும்பத்தில் முடிவாகியிருந்தது. குடும்பம் என்றால் பெரியவர்கள். நான் அதில் சேர்த்தி இல்லை. இதையெல்லாம் எனக்கு அம்மா சொன்னது நான் வேலைக்குப் போன பிறகுதான்.

சொல்ல முடியாத காரணத்துக்குப் பதில் வேறொரு காரணம் வேண்டுமே. மாமாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. கமிட்டித் தலைவர் மாமா வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன்; அது நன்றாகவே தெரிந்தது.

“பிரேக் சரியில்ல அங்கிள். சப்பரத்த இழுக்கப் பயமா இருக்கு.”

“பிரேக்குதான? செஞ்சிரலாம்லா தம்பி. நம்ம பையன் ஒருத்தன் இருக்கான்.”

“கிளட்சும் ஒரு மாதிரியா இருக்கு.”

“நேத்து பாசாருக்குச் சாமான் வாங்க இதுலதான வந்த?”

உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை எழுந்து வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். தலைவர் செருப்பை மாட்டிக்கொண்டே, “காட்டுக்குப் போக வண்டி இருக்கு, அந்தோணியாருக்குத்தான் இல்ல,” என்று வாசலுக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். என் சீட்டு அவரோடு போய்விட்டது என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

“அன்னைக்கு ஒரு நாளுக்கு மட்டும் பட்டைய போட்டுட்டு, மறுநாளு கழட்டிரலாம்ல மாமா?” என்று அழுதேன்.

“அன்னைக்குப் பாத்து அத்தைய கூட்டிட்டு ஓடற மாதிரி ஆச்சுன்னா?” என்றவர், யாரோ வாயைப் பொத்தியதுபோல் நிறுத்திக்கொண்டார்.

திருவிழா அன்று, எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழக்குலைகளை ஏற்றும் எஸ்டேட் டிராக்டர் வந்தது. கழுவி மாலை போட்டிருந்தும் எண்ணெய் வாடை போகவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தோணியார் கிடுகிடுவென்று ஆட, நாலு பேர் ஓடி ஓடிப் பிடித்தார்கள். மாமா மெழுகுவர்த்தியோடு கூட்டத்தின் பின்னால் நடந்தார். “என்னா தம்பி, ஃபோர்வீல் நடந்து வருது?” என்று ஒருவர் கேட்க, சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அத்தை உடம்பு சரியில்லை என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். நான் மாமாவிடம் பேசவில்லை. பள்ளியில் கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை எனக்கு. அவர் மேல் உண்மையான வெறுப்பே வந்தது.

சில வாரங்கள் போயின. ஒரு சனிக்கிழமை மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அத்தைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று எனக்குச் சொல்லப்பட்டது. அம்மா அவருக்குச் சோறு போட்டார், அவர் சாப்பிடவில்லை. புறப்படும்போது, “வர்றியா?” என்று என்னைக் கேட்டார். கோபத்தை எல்லாம் மறந்து ஏறிவிட்டேன்.

ஒர்க்‌ஷாப்பில் பழைய பட்டைகளை எடுத்துத் திரும்பப் போடச் சொன்னார். மெக்கானிக், “மறுபடியுமா?” என்று சிரிக்கத் தொடங்கியவர், மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டிக்கு அடியில் போய்விட்டார். வேலை முடிந்து அவர் வெளியே வந்ததும், மாமா வண்டியைக்கூடப் பார்க்காமல் காசைக் கொடுத்தார். நான்தான் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, உயரம் சரியாக வந்துவிட்டதா என்று பார்த்தேன்.

திரும்பும்போது முன் சீட்டு எனக்கு. அடுத்த திருவிழாவுக்கு நாம்தானே இழுப்போம் என்று கேட்டேன். “ஆமா, இழுப்போம்,” என்றார். எஸ்டேட் ரோட்டில் திரும்பியதும், கொஞ்ச நாளாகப் பள்ளம் பள்ளமாகப் பார்த்து ஒதுக்கி ஓட்டிக்கொண்டிருந்தவர், எதையும் ஒதுக்கவில்லை. வண்டி துள்ளியது. என் தலை கூரையில் இடித்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இன்னும் வேகமா மாமா!” என்று கத்தினேன். அவர் என்னைப் பார்க்காமலே மிதித்தார்.

நான் அழுததற்காகத்தான் பட்டைகளைத் திரும்பப் போட்டிருக்கிறார் என்று உறுதியாக நம்பினேன். அப்படி ஒரு மாமா வேறு யாருக்கு இருக்கிறார் என்று பெருமையாகவும் இருந்தது. மாமா வீட்டு வாசலில் வண்டி நின்றதும், இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தவரிடம், மறக்காமல் தேங்க்ஸ் சொன்னேன்.