நானாகக் குறித்த நாள்

ஓசூரில் எனக்கு வேலை, முன்பின் தெரியாத கம்பெனிகளுக்குப் போன் போட்டு சென்சார் விற்பது. தகட்டை அழுத்தி வெட்டுகிற பவர் பிரஸ்ஸுக்குள் ஆள் கை இருந்தால் மிஷினை இறங்கவிடாமல் நிறுத்துகிற சென்சார். பத்துப் பேரைக் கூப்பிட்டால் ஒன்பது பேர் 'பாக்கலாம்' என்பார்கள். இந்தப் பக்கத்தில் முகத்துக்கு நேராக யாரும் வேண்டாம் என்பதில்லை. அதனால் மேனேஜர் ஒரு சட்டம் வைத்திருந்தார். அடுத்து என்ன, யார் செய்வது, எந்த நாள், இந்த மூன்றையும் பேசி முடிக்காமல் போனை வைக்கக் கூடாது.

சேர்ந்து இரண்டு மாதமாகியும் எனக்கு ஒரு ஆர்டர் இல்லை. அப்போதுதான் குருபரப்பள்ளிப் பக்கம் நாலு பிரஸ் வைத்து ஓட்டும் ஒரு முதலாளி, நான் சொன்னதை முழுசாகக் கேட்டார்.

"ஆளுங்க அவசரத்துல கைய உள்ள உட்டுடறாங்க சார். எனக்கு தெனமும் பயந்தான். ரெண்டாவது மிஷின்ல மொதல்ல மாட்டிக் காட்டுங்க."

நான் காலண்டரைப் பார்த்தேன். "வெள்ளிக்கிழமை வரேன் சார். அமாவாசை. நல்ல நாளாவும் ஆச்சு."

"சரி, பாக்கலாம்" என்றார் அவர். மூன்றும் கிடைத்துவிட்டதாக நினைத்து, சந்தோஷமாக நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

வெள்ளிக்கிழமை டெக்னீஷியனோடு போனேன். முதலாளி வரவில்லை, போனும் எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற பிறகு வாட்ச்மேன் மனமிரங்கினார்.

"அவங்க ஊட்ல தெலுங்கு சார். அமாவாசைக்குப் புதுசா எதையும் தொட மாட்டாங்க. உங்ககிட்ட சொல்லலையா?"

காவேரிப்பட்டினத்தில் என் வீட்டில் எதைத் தொடங்கினாலும் அமாவாசைதான். எல்லோருக்கும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். அது தெரியாமல் செய்த தப்பு. அதற்குப் பிறகு செய்தது தெரிந்தே செய்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன, வேண்டுமானால் அவரே கூப்பிடட்டும் என்று வீம்பாக இருந்தேன். சனிக்கிழமை அவர் நம்பரை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். திங்கட்கிழமையும் கூப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை மேனேஜர் என் நோட்டைப் பார்த்துத் திட்டிய பிறகுதான் கூப்பிட்டேன். முதலாளியின் குரல் இறங்கியிருந்தது. முந்தின நாள் மதியம், இரண்டாவது மிஷின் ஓட்டுகிறவருக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. மதுரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்.

"சனிக்கெழம நீங்க கூப்புடுவீங்கன்னு இருந்தேன் சார்" என்றார். குற்றம் சொல்கிற மாதிரி இல்லை. "நானாவது கூப்புட்டிருக்கணும். நல்ல நாளுன்னு அவ்ளோ ஆசையா சொன்னீங்க, வேணாம்னு சொல்ல மனசு வரல."

என் வீம்புக்கு இன்னொருவர் விரல் போனது. இன்றுவரை இதை வேறு விதமாகச் சொல்லிக்கொள்ள என்னால் முடியவில்லை.

நாலு மிஷினுக்கும் மாட்டிவிடச் சொன்னார். எந்த நாள் உங்களுக்குத் தோதுப்படும் சார் என்று மெதுவாகக் கேட்டேன்.

"இனிமே என்ன சார் நாளு" என்றார். "இப்பவே வாங்க."