எம்.எல்.ஏ. நின்றுகொண்டு வந்த பஸ்

நானும் அவனும் மலைமேல் இருக்கும் எடப்புளி நாட்டுக்காரர்கள். ஒரே பள்ளிக்கூடம், ஒரே கட்சி. தேர்தலில் நிற்க இருவருமே வாய்ப்புக் கேட்டோம், கிடைத்தது அவனுக்கு. ஜெயித்து எம்.எல்.ஏ.வும் ஆனான். ஐந்து வருடமாக அவன் கார் மலையேறும் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பின் வந்த அடுத்த தேர்தலில் அவன் தோற்றபோது, வெளியே வருத்தப்பட்டு உள்ளுக்குள் சிரித்தவன் நான்.

தோற்ற சில நாளில், மலையடிவாரத்துக் காரவள்ளியில் நின்ற மலை பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்திருந்தேன். அவன் கடைசியாக ஏறினான். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வளைவுக்கு வளைவு அவன் தள்ளாடியதைப் பார்க்க எனக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது.

பாதி மலையில், மிளகு மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏனுங்க எம்மெல்லே, எங்கூருக்கு ரோடு போட்டுத் தாரேன்னீங்களே, எங்கீங்க ரோடு?”

“அவருதான் தோத்துட்டாரே அம்மணி. செயிச்சவரப் போயிக் கேளுங்க” என்றேன் நான், பஸ்ஸுக்கே கேட்கும்படி.

“நீங்க சும்மா இருங்க சாமி. எங்கூட்டுல களி தின்னுட்டு இவருதானுங்க வாக்குக் குடுத்தாரு. இவரத்தான் கேப்பேன்.”

“தப்புதானுங்க அம்மணி. நாளைக்கே ஆபீசுக்குப் போயிக் கேக்கறேனுங்க” என்றான் அவன்.

உடனே, மலையின் இன்னொரு நாடான பைல் நாட்டுக்காரர் ஒருவர் குடிதண்ணீருக்காகக் கத்த ஆரம்பித்தார். மலையுச்சிவரை ஆளாளுக்கு அவனைத் திட்டித் தீர்த்தார்கள். ஜன்னலோரம் சௌகரியமாக உட்கார்ந்திருந்த என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவன் காரைப் பார்த்து வயிறெரிந்தது எவ்வளவோ தேவலை. அன்று அவன் வாங்கிய திட்டில் ஒன்றாவது என்மேல் விழாதா என்று ஏங்கினேன். இன்றுவரை விழவில்லை.