ரிவர்ஸில் போன சூரியன்

அந்தத் தெருவில் வெயிலக்கா என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடத் தையல் கடையைக் கைகாட்டும். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. வெளியே அதைப் புழங்குவார் யாருமில்லை. மத்தியானம் ஊரே நிழல் தேடி ஒதுங்கும் நேரத்தில், கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு மொட்டை மாடிக்கு ஏறுகிற ஒரே ஆள் அவர்தான். சட்டை வாங்க வந்தவர்கள் கீழே நின்று கடுகடுப்பார்கள். "மாடியில அப்படி என்னக்கா வேலை?" என்று கேட்டால், "சூரியனுக்கு அளவெடுக்கிறேன், செத்த இருங்க" என்று மேலிருந்து பதில் வரும்.

அவர் சொன்னது பொய்யில்லை. மாடியில் ஒரு பழைய தொலைநோக்கி இருந்தது. கேமரா கடைக்காரர் கடையைக் காலி செய்தபோது, எடையைப் பார்த்துப் பயந்து, இவர் தலையில் கட்டிவிட்டுப் போனது. அதில் கண்ணை வைத்துச் சூரியனைப் பார்த்தால் பார்வை போய்விடும். ஆகவே வெயிலக்கா கண்ணை வைக்க மாட்டார். கண் வைக்கும் இடத்துக்கு எதிரே ஓர் அட்டையைப் பிடிப்பார். புதுச் சட்டைக்குள் மடிப்புக் கலையாமல் இருக்க வைத்து வருமே, அந்த வெள்ளை அட்டை. அதில் சூரியன் தட்டளவுக்கு வந்து விழும். முகத்தில் மச்சம் மாதிரி அங்கங்கே கரும்புள்ளிகள் தெரியும். அவற்றைப் பென்சிலால் குறித்துக்கொண்டு இறங்கி, மடிக்கணினியில் ஏற்றுவார். அவரைப் போன்ற சூரியப் பைத்தியங்கள் பல ஊர்களில் உண்டு. எல்லாருமாகச் சேர்ந்து ஒரு பதிவுச் செயலி வைத்திருந்தார்கள். நாளெல்லாம் அடுத்தவர் தோளையும் இடுப்பையும் அளந்துகொண்டிருந்தவருக்கு, தனக்கென்று அளந்த ஒன்று இதுதான். அதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில்தான் செயலியின் புது வெர்ஷன் வந்து மண்ணை அள்ளிப் போட்டது.

புது வெர்ஷனில் வசதிக்குக் குறைவில்லை. வாயால் சொன்னால் எழுதிக்கொள்ளும். மேகம் இருந்ததா என்று அதுவே கேட்கும். எல்லாவற்றையும்விட, ஒருவர் வரைந்த படங்களை வரிசையாக ஓட்டிக் காட்டும். சூரியன் தன்னைத்தானே சுற்றுவதால் புள்ளிகள் ஒரு பக்கமிருந்து மறு பக்கத்துக்கு நகரும். அது கண்ணுக்குத் தெரியும். வெயிலக்கா ஆசை ஆசையாகத் தன் படங்களை ஓட்டினார். புள்ளிகள் ஜம்மென்று நகர்ந்தன. நகர்ந்தது எதிர்ப் பக்கம். ஓடி முடிந்ததும் படங்களில் பெரும்பாலானவற்றின்மேல் சிவப்புக் குறி விழுந்தது: 'சரிபார்க்கும் வரை சேர்க்கப்படாது.'

அவருடைய கணவர் பஸ் டிரைவர். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் சூரியன் முன்னாடி போகுது. உன்னுது மட்டும் ரிவர்ஸ் எடுக்குதே! பின்னாடி ஆளு பாத்து விசில் அடிக்கச் சொல்லு."

"சும்மா இருங்க. வயிறு எரியுது" என்றார் வெயிலக்கா. இத்தனை மத்தியானங்களும் வீணா என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

குழுவை நடத்துபவர் ஒரு பல் டாக்டர். வலியோடு வருபவர்களிடம் பேசிப் பழகிய குரல். போனில் முழுக்கதையும் கேட்டார்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தொலைநோக்கியில, ஒளியைப் பக்கவாட்டுல திருப்புற கண்ணாடித் துண்டு ஏதாவது மாட்டியிருக்கீங்களா?"

"ஆமா டாக்டர். கழுத்து வலி. அதை மாட்டினா படம் பக்கவாட்டுல விழும், நிமிர்ந்து உக்காந்து வரையலாம்."

டாக்டர் சிரித்தே விட்டார். "அதுதான் விஷயம். கண்ணாடி படத்தை இடம் வலமா மாத்திடும். நீங்க கழுத்துக்குச் சொன்னீங்க, செயலிக்குச் சொல்லலை!"

புது வெர்ஷனிலேயே அதற்கும் மருந்து இருந்தது. கருவி எப்போது மாறியது என்று சொன்னால், அதற்குப் பிந்திய படங்களை எல்லாம் ஒரே தட்டில் திருப்பிவிடும். நாள் நினைவில்லையென்றாலும், புள்ளி நகரும் போக்கைப் பார்த்துத் தானே ஊகித்துக்கொள்ளும். வெயிலக்கா தட்டினார். சிவப்பெல்லாம் பச்சையானது. "ஐயோ டாக்டர், நீங்க நல்லா இருக்கணும்!" என்று கத்தினார். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஒரே ஒரு படம் மட்டும் சிவப்பாகவே நின்றது. அது மகளின் கல்யாண நாள்.

அன்று சூரியனில் ஒரே ஒரு குட்டிப் புள்ளி. முந்தின நாளும் இல்லை, மறுநாளும் இல்லை. வந்த சுவடு தெரியாமல் மறைந்துவிட்டது. நகர்ந்தால்தானே செயலி கண்டுபிடிக்கும்? அன்றைக்குக் குழுவில் மற்ற எல்லாருக்கும் மேகம். அந்தப் புள்ளியைப் பார்த்தது வெயிலக்கா ஒருவர்தான்.

"கண்ணாடி மாட்டினது கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியான்னு உறுதியா தெரிஞ்சாப் போதும்க்கா. குழுவோட பதிவுல உங்க படம்தான் நிக்கும். தெரியலைன்னா விட்டுடணும்" என்றார் டாக்டர்.

விட்டுவிடலாம்தான். ஆனால் அந்தப் படத்துக்கு அவர் கொடுத்த விலை கொஞ்சமில்லை. கல்யாண மண்டபப் படிக்கட்டில் இரண்டு வீட்டாரும் நின்று போட்டோ எடுத்த நேரம் பார்த்து, மேகம் விலகியதென்று, காரில் கொண்டுவந்திருந்த தொலைநோக்கியிடம் பெண்ணைப் பெற்றவர் நழுவிவிட்டார். எல்லாரும் கூப்பிட்டுப் பார்த்து, அலுத்துப்போய், அவர் இல்லாமலே எடுத்துவிட்டார்கள். மகள் சண்டை போட்டிருந்தால் தேவலை. "பரவாயில்லம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னதோடு சரி. அந்த வார்த்தை இன்றுவரை வெயிலக்காவின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. போட்டோவும் போய், இந்தப் படமும் போனால், அன்றைக்கு அவர் எங்குமே இல்லை என்றாகிவிடும்.

கழுத்து வலி வந்தது மகளின் கல்யாண உடுப்பைத் தைத்ததில். அது சந்தேகமில்லை. கண்ணாடி வாங்கியது எப்போது? "கல்யாணத்துக்கு முன்னாடியே வாங்கிட்டே" என்று கணவர் அடித்துச் சொன்னார். எதையும் அடித்துச் சொல்வது அவர் வழக்கம் என்பதால் அதை யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். அவளிடம் மட்டும் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாதென்று வெயிலக்கா நினைத்திருந்தார். பஸ் டிரைவர் வாயில் எது நிற்கும்? காபி ஆறுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மகள் காபியைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு எங்கம்மா உக்காந்து வரைஞ்சே?"

"பக்கத்துல, வண்டி நிறுத்துற இடத்துல" என்றார் வெயிலக்கா, அன்று வரைந்த அட்டையைப் பார்த்தபடி.

"படிக்கட்டுக்குப் பக்கத்துலயா?"

சுவரில் தொங்கிய போட்டோவை மகள் கழற்றினாள். பிரேம் போட்டவர் இரண்டு ஓரத்தையும் தாராளமாக வெட்டியிருந்தார். அவள் போனைத் துழாவி, போட்டோகிராபர் அனுப்பிய முழுப்படத்தை எடுத்து, இரண்டு விரலால் ஓரத்தை இழுத்துப் பெரிதாக்கினாள். படிக்கட்டு முடிந்தது. ஒரு கார். இன்னொரு கார். நடுவே பாதி மறைந்த தொலைநோக்கியும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும். அதில், மகளுக்குத் தைத்த துணியில் மிச்சம் பிடித்துத் தனக்குத் தைத்துக்கொண்ட உடுப்பில், முதுகை நிமிர்த்தி, கையில் பென்சிலோடு ஓர் அம்மாள்.

"குனியவே இல்லை பாரு! கண்ணாடி இருந்திருக்கு! நான் சொல்லலை?" என்று கணவர் குதித்தார். பல காலத்துக்குப் பிறகு அவர் அடித்துச் சொன்னது பலித்திருந்தது. அந்த வாரம் முழுக்க அதைச் சொல்லியே வீட்டை ஒருவழி பண்ணினார்.

வெயிலக்கா தட்டினார். குட்டிப் புள்ளி இடப்பக்கமிருந்து வலப்பக்கம் தாவி உட்கார்ந்தது. பச்சை. மகளைக் கூப்பிட்டுக் காட்டத் திரும்பினார்.

மகள் கணினியைப் பார்க்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது, வாயெல்லாம் சிரிப்பு.

"அம்மா, நீ போட்டோல இருந்திருக்கே" என்றாள். "இவ்வளவு நாளா வெட்டித்தான் மாட்டியிருக்கோம்."

வெயிலக்கா மகளை இழுத்துக் கட்டிக்கொண்டார். பிறகு மூக்கை உறிஞ்சி, அளவு நாடாவை எடுத்துச் சுவரின் அகலத்தை அளக்க ஆரம்பித்தார்.