பின்பக்க ஸ்பீக்கரில் ஒரு குரல்

ஸ்டூடியோவில் எல்லோருக்கும் அவள் கும்பலக்கா. சினிமாவில் கூட்டம் கத்தினால் அந்தக் கத்தலில் அவள் இருப்பாள். சந்தை, ஆஸ்பத்திரி வராண்டா, ரயில் நிலையம், தீப்பிடித்த கட்டடம், எதுவானாலும் சரி. நாலு பெண்களும் மூணு ஆண்களும் ஒரு மைக்கைச் சுற்றி நின்று நானூறு பேராகிவிடுவார்கள். அதில் அறுபது பேர் அவள் ஒருத்தியே என்பார் மிக்ஸிங்காரர். இருபத்துமூணு வருஷமாக இதுதான் வேலை. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது கடைசியில் 'மற்றும் பலர்' என்று வருமே, அதைக் காட்டி, "அந்தப் பலர் நான்தான்" என்பாள் வீட்டில்.

போன வருஷம் தொண்டை கம்மியது. கஷாயம், வெந்நீர், ஆவி என்று ரெண்டு மாதம் ஓட்டிப் பார்த்தாள். ஒரு நாள் மைக் முன்னால் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. குரல் நாணில் பயறளவு முடிச்சு இருக்கிறது என்று சொல்லி டாக்டர் அதை எடுத்தார்.

"ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் கெடுதல்."

"அப்புறம் குரல் வந்துடுமா டாக்டர்?" என்று அவள் கணவர் கேட்டார். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலையும் மாலையும் வண்டி, நடுப்பகல் முழுக்க ஓய்வு.

"வரும். எந்தக் குரல் வரும்னு இப்பச் சொல்ல முடியாது."

அந்த ஒரு வாக்கியம் அவளை உட்காரவிடவில்லை. வீட்டுக்கு வந்த மறுநாளே அலமாரியைக் கலைத்து அடுக்கினாள். அதற்கு அடுத்த நாள் அடுக்கியதைக் கலைத்தாள். குட்டி போட்ட பூனை மாதிரி ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்தாள். கழுத்தில் ஒரு சின்ன நோட்டு, அதில் நூலில் கட்டிய பேனா. "வாயைக் கட்டியாச்சு, காலை எப்பக் கட்டுறது?" என்று கணவர் கேட்டதற்கு நோட்டில் எழுதிக் காட்டினாள்: 'உங்களுக்கு இது நல்ல காலம். அனுபவிங்க.'

நடந்து அலுத்தபோது டிவியில் தான் வேலை செய்த படங்களாகத் தேடிப் போட்டாள். எந்தக் குரல் திரும்பி வரும் என்று தெரியாதபோது, இருந்த குரலையாவது ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் கதாநாயகன் பேசினான், கதாநாயகி அழுதாள், கூட்டம் மட்டும் பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் ஓடுகிற மாதிரி எங்கோ இரைந்தது. தொண்டை நரம்பு புடைக்கக் கத்திய கத்தல் எல்லாம் எங்கே போயிற்று?

பார்க்க வந்த மிக்ஸிங்காரரிடம் அதைத்தான் எழுதிக் கேட்டாள். அவர் அவளைவிடப் பத்து வயது சின்னவர். படத்தின் சத்தங்களை எல்லாம் சேர்த்து, எது எந்த ஸ்பீக்கரில் வர வேண்டும் என்று முடிவு செய்கிறவர்.

"டிவியில எப்படிக்கா கேக்கும்? பேச்செல்லாம் முன்னாடி, கூட்டமெல்லாம் பின்னாடி. இருபது வருஷமா உங்களைப் பின் சுவத்துலதானே நிக்க வெச்சிருக்கோம். பின்னாடி ஸ்பீக்கர் இருந்தாத்தான் உங்களைக் கேக்க முடியும்."

அவள் அவரையே பார்த்தாள். அவருக்குச் சங்கடமாகிவிட்டது. ஸ்டூடியோவில் சின்ன அறையைப் புதுப்பித்தபோது கழற்றிய அஞ்சு பழைய ஸ்பீக்கர்கள் மூலையில் கிடக்கின்றன, கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்றார். "ஆனா ஒண்ணு. அதெல்லாம் நாலு ஓம், மின்தடை கம்மி. கரண்ட் நிறைய இழுக்கும். ஆம்ப்ளிஃபயர் வாங்கும்போது பின்பக்கம் நாலு ஓம்னு எழுதியிருக்கான்னு பாத்து வாங்குங்க."

ஸ்பீக்கர்கள் வந்த அன்றே அவள் கணவரைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். விற்பனைக்காரர் ஒரு பெட்டியைத் தட்டிக் காட்டினார். "ஆயிரத்து இருநூறு வாட் சார். போட்டீங்கன்னா ஜன்னல் கண்ணாடி ஆடும்."

அவள் எழுதி நீட்டினாள். கணவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். "அஞ்சு ஸ்பீக்கரும் ஒண்ணா... ஓடும்போது... ஒவ்வொண்ணுக்கும் எத்தனை வாட்?"

"அது வந்து, அம்பது வரும் சார்."

"ஆயிரத்து இருநூறு எங்கே போச்சுன்னு கேக்குறா."

"சார், அது கம்பெனி கணக்கு சார்."

"ஐயா, என்னைப் பாத்துச் சொல்லாதீங்க. கேள்வி அவங்களோடது. நான் வெறும் வாய்."

விற்பனைக்காரர் அவள் பக்கம் திரும்பி, காது கேளாதவரிடம் பேசுவது போல் உரக்க, "நல்லாஆ இருக்கும்மாஆ!" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவும் கூடாது. அடுத்து நாலு ஓமைப் பற்றி எழுதினாள். "தாராளமாத் தாங்கும்" என்றார் அவர். பெட்டியைப் பிரித்துப் பின்பக்கத்தைப் பார்த்திருக்கலாம். ஆனால் அது ஒன்றுதான் கையிருப்பு, இல்லையென்றால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும் என்றதும் அவளுக்குக் கை பரபரத்தது. வாங்கிவிட்டாள்.

அன்று சாயங்காலமே பெட்டியோடு வந்த மெல்லிய வயரால் எல்லாவற்றையும் இணைத்து வெள்ளப் படத்தைப் போட்டார்கள். பதினாலு வருஷத்துக்கு முந்தைய படம். அதில் அணை உடையும்போது ஒரு தாய் தன் பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு கூவல் கூவுவாள். முகம் தெரியாது, குரல் மட்டும்தான். அதற்காக அவள் பதினோரு தடவை கத்தினாள். வாழ்க்கையில் தன் சொத்து என்று அவள் சொல்லிக்கொள்வது அந்தக் கூவலைத்தான். காலேஜ் படிக்கிற ஒரே மகளுக்கு அந்தக் கதை மனப்பாடம்.

அணை உடைந்தது. 'டக்' என்று ஒரு சத்தம். ஆம்ப்ளிஃபயர் அணைந்துவிட்டது. மகள் மேலே கை வைத்து, "அம்மாடி, தோசைக்கல்லு!" என்று கையை உதறினாள். மூணு தடவை போட்டார்கள், மூணு தடவையும் அணை உடைகிற இடத்தில் அணைந்தது. பின்பக்கம் திருப்பிப் பார்த்தால், ஆறு முதல் எட்டு ஓம் வரை என்று அச்சடித்திருந்தது, நாலு இல்லை.

மிக்ஸிங்காரர் ஃபோனில் சொன்னார். "சின்ன மோட்டாரை வெச்சு மூணு மாடிக்குத் தண்ணி ஏத்தினா சூடாகி நிக்காதா? அதேதான்கா. கேக்குதா?" அவள் ஃபோனை விரலால் ஒரு முறை தட்டினாள். ஒரு தட்டு என்றால் ஆமாம்.

கடையில் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு மூணு கடை ஏறி இறங்கினாள். காலையில் ஒரு மாடல் பிடிக்கும், மத்தியானம் அதில் குறை தெரியும். சாப்பிடும்போது எழுதுவாள், துணி மடிக்கும்போது எழுதுவாள். "ஏம்மா, என்னைக் கட்டிக்கிறதுக்கு இவ்வளவு விசாரிச்சியா?" என்றார் கணவர். 'விசாரிக்கலை. அதான் இப்ப ஜாக்கிரதை' என்று பதில் வந்தது. கடைசியில் வாங்கியது பெட்டியில் பெரிய எண் எதுவும் போடாத ஒன்று. அஞ்சுக்கும் எழுபது எழுபது வாட், பின்பக்கம் நாலு ஓம் என்று தெளிவாக இருந்தது, தூக்கினால் கல் மாதிரி கனத்தது. மாடிப்படியில் அதைச் சுமந்த கணவர் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, "நல்ல சாமான்... நல்ல சாமான்..." என்று மூச்சு வாங்கினார்.

அடுத்தது வயர். ஹாலின் முன்சுவரிலிருந்து கதவு நிலையைச் சுற்றிப் பின்சுவருக்குப் போகப் பன்னிரண்டு மீட்டர். துணி காயப்போடும் கயிற்றை வைத்து அளந்தாள். மெல்லிய வயரில் அவ்வளவு தூரம் போவதற்குள் சத்தம் பாதி வழியிலேயே களைத்துவிடும் என்று மிக்ஸிங்காரர் எச்சரித்திருந்தார். வயர் கடைக்காரர், நுனியில் தங்கமுலாம் பூசிய, பாம்பு பருமனில் இருந்த ஒன்றை வெல்வெட் துணியில் வைத்துக் காட்டினார். "இதுல கேட்டீங்கன்னா பாடகர் மூச்சு விடுறது கேக்கும்."

அவள் எழுதினாள்: 'மூச்சு விடுறது என் தொழில். மாத்தி மாத்திப் போடுங்க. நான் கண்ணை மூடிக்கிறேன்.'

கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. தங்கமுலாம் வயர், சாதாரணத் தடித்த செம்பு வயர், மெல்லிய வயர் மூன்றையும் ஒரே நீளத்தில் கடைக்காரர் மாற்றி மாற்றி மாட்டினார். மெல்லிய வயரை ஒவ்வொரு முறையும் அவள் விரலை உயர்த்திக் காட்டிக்கொடுத்தாள், சத்தம் அதில் கொஞ்சம் உள்வாங்கியது. மற்ற இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை என்று கையை விரித்தாள். ஒரு கட்டத்தில் கடைக்காரரே எதை மாட்டினோம் என்பதை மறந்துபோனார். செம்பு வயரை எடுத்து, வாங்கும் முன் பிளேடால் ஒரு இழையைச் சுரண்டினாள். உள்ளே வெள்ளையாக இருந்தால் செம்புப் பூச்சுப் போட்ட அலுமினியம். உள்ளேயும் சிவப்புதான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வயர் ஓட்டினார்கள். பின் ஸ்பீக்கருக்கு இடம் வேண்டும் என்று சோபாவை மூணு தடவை நகர்த்தினாள். எல்லாம் முடிந்து போட்டால், கதாநாயகன் முன்னாலும் பேசினான், முதுகுக்குப் பின்னாலும் பேசினான். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். மகள்தான் கண்டுபிடித்தாள். டிவியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போன பழைய வயர் இரண்டு சத்தத்தைத்தான் சுமக்கும், அதையே அஞ்சு ஸ்பீக்கரும் ஒப்பித்துக்கொண்டிருந்தன. கும்பலக்கா தெருமுனைக்கு ஓடிப்போய்ச் சரியான வயரை வாங்கி வந்தாள்.

வெள்ளப் படம். மழை தலைக்கு மேலே பெய்கிற மாதிரி இருந்தது. அணை உடைந்தது. ஆம்ப்ளிஃபயர் அசையவில்லை. பின்சுவரின் இடது பக்கத்திலிருந்து, தெள்ளத் தெளிவாக, அந்தக் கூவல் வந்தது.

மகள் துள்ளி, "அம்மா! நீதான்!" என்று கத்தினாள்.

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

மறுபடி போட்டாள். அது இன்னொருத்தியின் குரல். நல்ல குரல்தான், ஆனால் அவளுடையது அல்ல. பதினாலு வருஷமாகத் தியேட்டரில் ஒரு தடவை பரபரப்பில் கேட்டதையும், வீட்டு டிவியின் இரைச்சலையும் நம்பியிருந்தாள். மிக்ஸிங்காரருக்கு மகள் ஃபோன் போட்டாள்.

"கடைசி நாள் டைரக்டருக்கு வேற மாதிரி வேணும்னு தோணிடுச்சு. அன்னைக்கு அக்கா வேற படத்துல இருந்தாங்க. வந்திருந்த இன்னொருத்தங்களை வெச்சு எடுத்துட்டோம். சொல்லணும்னு நினைச்சேன்... அக்கா அதைப் பத்தி அவ்வளவு சந்தோஷமாப் பேசுவாங்க. வாய் வரலை."

கோபம் வந்தால் கத்துகிறவள் அவள், கத்துவதுதான் பிழைப்பும்கூட. இப்போது அதற்கும் வழியில்லை. நோட்டை எடுத்து ஏதோ எழுதினாள், கிழித்தாள், இன்னொன்று எழுதினாள், அதையும் கிழித்தாள். ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மொட்டை மாடிக்குப் போய் ஒரு மணி நேரம் நடந்தாள். நாலு நாள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. கணவர், "அதை வித்துடலாமா?" என்று கேட்டதற்கு ஆமாம் என்று தலையை ஆட்டினாள், பிறகு இல்லை என்று ஆட்டினாள்.

அஞ்சாம் நாள் மத்தியானம் அவள் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஹாலில் மகள் பிளக்கை மறுபடி செருகிவிட்டு, துணிக்கு இஸ்திரி போட்டபடி ஏதோ பழைய நகைச்சுவைப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் நிலையக் காட்சி. பெட்டிகளை மாற்றித் தூக்கிக்கொண்டு ஓடுகிற கலாட்டா. திடீரென்று மகள் படத்தை நிறுத்தினாள். திருப்பிப் போட்டாள். நிறுத்தினாள். மறுபடி.

"அம்மா, இங்க வாயேன். சீக்கிரம்."

ஈரக் கையோடு வந்தாள். மகள் சத்தத்தை ஏற்றினாள். வலது பின் ஸ்பீக்கரிலிருந்து, ரயில் இரைச்சலுக்கும் போர்ட்டர் கத்தலுக்கும் நடுவே ஒரு பெண்: "ஏய் வாலு, அந்த வயரைத் தொடாதேன்னு சொன்னேன்ல?" உடனே ஒரு குழந்தை: "தொதுவேன்!" அப்புறம் அந்தப் பெண் அடக்க முடியாமல் சிரித்தாள்.

பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் ஒரு நாள் மூணு வயது மகளை ரெக்கார்டிங்குக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். கூட்டச் சத்தம் ஓடும்போதே அது மைக் வயரை இழுத்தது, அதட்டினாள். வீணாய்ப் போயிருக்கும், வெட்டியிருப்பார்கள் என்று நினைத்தது அவளுக்கு நினைவு வந்தது. வெட்டவில்லை. ரயில் நிலையத்தில் ஒரு தாயும் பிள்ளையும் இருந்தால் என்ன என்று விட்டுவிட்டார்கள் போல.

"'தொதுவேன்' யாரும்மா? நானா?"

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். மகள் அதை எட்டுத் தடவை போட்டாள். சாயங்காலம் வேனை நிறுத்திவிட்டு வந்த அப்பாவுக்கு ஒன்பதாவது தடவை. அவர் செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்று கேட்டுவிட்டு, "இப்பவும் சொன்ன பேச்சைக் கேக்குறதில்லை" என்று மட்டும் சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆறாவது வாரம் டாக்டர் பேசச் சொன்னார். வந்த குரல் ஒரு படி இறங்கியிருந்தது, ஓரத்தில் கொஞ்சம் கரகரப்பு. குழந்தை அழுகையும் உச்சிக் கூவலும் இனி வேண்டாம் என்றார். அவளுக்கு அழுகை வரவில்லை. "சரி, அப்ப என்ன முடியும்னு பாக்கலாம்" என்றாள். அதுதான் புதுக் குரலின் முதல் வாக்கியம்.

வேலைக்குத் திரும்பிய அன்று நீதிமன்ற வாசல் காட்சி. இளவயசுக்காரிகள் முன்னால் நின்று கத்தினார்கள். அவள் ஓரத்தில் நின்று, தீர்ப்புக்காகக் காத்திருக்கும் ஒரு பெரியம்மாவாக, பக்கத்தில் இருப்பவளிடம் மணி என்ன என்று கேட்டாள், அவ்வளவுதான். கண்ணாடிக்கு அப்பால் மிக்ஸிங்காரர் கட்டை விரலை உயர்த்தினார்.

எல்லோரும் கிளம்பினார்கள். அவள் பையை மாட்டியபடி மிக்ஸிங் அறைக்குள் போய் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"என்னக்கா?"

"படம் முடிச்சு அனுப்புறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவை போட்டுக் காட்டணும். நான் இருக்கேனா இல்லையான்னு தெரியணும்."

"கூட்டத்துக்குக் குரல் குடுக்குறவங்க யாரும் இதுவரைக்கும் அப்படிக் கேட்டதில்லையேக்கா."

"இனிமே கேப்பாங்க."

அவர் பட்டனை அழுத்தினார். அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே, பின்சுவரை நோக்கிக் காதைத் திருப்பினாள்.