கேட் மூடும் நேரம்

1. நான் போட்ட முதல் சட்டம்

கணியம்பாடிப் பக்கத்தில் பதினேழு வருடம் ஆசிரியை வேலை பார்த்த பிறகு, தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு கிடைத்து ஜவ்வாது மலைக்குப் போனேன். ஜமுனாமரத்தூரில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்துப் போக வேண்டிய ஒரு நடுநிலைப் பள்ளி. ஊரிலேயே ஒரு வீடு எடுத்துத் தங்கினேன்.

முதல் நாள் எட்டாம் வகுப்பு வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். பத்தொன்பது பேரில் பதினோரு பேர்தான் வந்திருந்தார்கள். வகுப்பாசிரியர் தேவராஜிடம் கேட்டேன்.

"இங்க இப்படித்தான் மேடம். பத்து மணிக்கு மேல ரெண்டு மூணு பேர் வருவாங்க."

"பத்து மணிக்கு மேலயா?" என்றேன். மறுநாளே சட்டம் போட்டேன். ஒன்பதரைக்கு கேட் மூடப்படும். தாமதமாக வருகிறவர்கள் காலை இடைவேளை வரை வெளியே நிற்க வேண்டும். கீழே என் பழைய பள்ளியில் இதே சட்டம் நன்றாக வேலை செய்திருந்தது.

இரண்டு வாரத்தில் பதினொன்று எட்டாகக் குறைந்தது.

2. வள்ளியம்மாள் வந்தார்

வராத பிள்ளைகளின் வீட்டுக்கெல்லாம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பினேன். ஒரே ஒரு வீட்டிலிருந்துதான் பதில் வந்தது. கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தையோடு, ஒரு தாய் நேராக என் அறைக்குள் வந்துவிட்டார். பெயர் வள்ளியம்மாள். பின்னால் அவர் மகள் சங்கீதா, எட்டாம் வகுப்பு.

"இது இன்னா டீச்சர்? இவதான் படிச்சுக் காட்னா. எம்பொண்ணு இஸ்கூலுக்கு வர்லன்னு எழுதியிருக்கீங்க."

"வரலைதானேம்மா?"

"தெனமும் வர்றா. நீங்கதான் தெனமும் திருப்பி அனுப்பறீங்க."

அவர் நிறுத்தவில்லை.

"ஏழு மணிக்கு நானும் அவங்கப்பாவும் கொல்லிக்கு, காட்டு வேலைக்குப் போய்டுவோம். இந்தச் சின்னவன அங்கன்வாடில வுட்டுட்டுத்தான் இவ வரணும். அங்கன்வாடி தெறக்கவே பத்து ஆவுது. ஓடியாந்து பாத்தா கேட்டு சாத்தியிருக்குது. வெளிய நிக்க வெச்சா சின்னப் பசங்கள்லாம் சிரிக்குதுங்களாம். வயசுக்கு வந்த பொண்ணு, எத்தினி நாள் நிப்பா? வூட்டுக்குத் திரும்பிடறா."

சங்கீதா தலையைக் குனிந்துகொண்டாள். குழந்தை என் மேஜை மீதிருந்த ரப்பர் ஸ்டாம்பை எடுத்து வாயில் வைத்தது.

அவர்கள் போன பிறகு தேவராஜைக் கூப்பிட்டேன். "உங்களுக்கு இது தெரியுமா சார்?"

"தெரியும் மேடம். சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க கேக்கல."

அன்று மாலையே கேட் சட்டத்தை நீக்கினேன். அதைப் போட்டபோது எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

3. பூட்டிக் கிடந்த அறை

அந்தச் சனிக்கிழமை தேவராஜோடு ஊருக்குள் நடந்தேன். வராத பிள்ளைகளின் வீடு ஒவ்வொன்றிலும் ஒரே கேள்விதான் கேட்டேன்: "காலைல என்ன கஷ்டம்?" பதினோரு வீட்டில் ஏழு வீட்டின் பதில் வள்ளியம்மாள் சொன்னதேதான். தம்பி, தங்கை, அங்கன்வாடி.

அங்கன்வாடிப் பணியாளரைக் கேட்டேன். "நான் என்ன மேடம் பண்றது? ஜமுனாமரத்தூர்லேர்ந்து எனக்கு மொத பஸ்ஸே பத்து மணிக்குத்தான் இங்க வருது" என்றார். அவர் மீதும் தப்பில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டினோம். வழக்கமாக ஐந்தாறு பேர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் கூட்டம். அன்றைக்கு உட்கார இடமில்லை. ஆளுக்கொன்று பேசினார்கள். எதுவும் ஒத்துவரவில்லை. கடைசியில் வள்ளியம்மாள் எழுந்தார்.

"டீச்சர், கடைசி ரூம்பு சும்மாதான பூட்டிக் கெடக்குது? சின்னதுங்களும் அக்காங்களோடவே இங்க வந்துடட்டும். தெனம் ஒரு அம்மா கொல்லிக்கு லேட்டாப் போவட்டும், பாத்துக்கட்டும். அங்கன்வாடி டீச்சர் பஸ்ஸுவுட்டு எறங்கனதும் இட்டுனு போவட்டும்."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள், யாருக்கு எந்தக் கிழமை என்று!

தீர்மானம் எழுதினோம். அம்மாக்கள் வந்து உடைந்த பெஞ்சுகளை வெளியே எடுத்துப் போட்டு, அறையைக் கழுவி, பாய் விரித்தார்கள். பள்ளியின் பங்குக்கு நாங்கள் ஒன்று ஒப்புக்கொண்டோம். பத்து மணிக்குள் ஒரு பிள்ளை வராவிட்டால் வீட்டுக்குப் போன் செய்வோம், திட்டுவதற்காக இல்லை, விசாரிப்பதற்காக. ஒரு மாதத்தில் எட்டாம் வகுப்பில் பதினாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

4. சாமை அறுப்பு

ஆனால் தேவராஜ் கவலையோடுதான் இருந்தார். "அறுப்பு வரட்டும் மேடம். வருசா வருசம் கிளாஸே காலியாயிடும்."

சொன்னபடியே, அறுப்பு தொடங்கியதும் சங்கீதாவின் அப்பா கோவிந்தன் வந்து நின்றார். கூடவே வள்ளியம்மாளும்.

"ரெண்டு வாரம் லீவு குடுங்க டீச்சர். ஆளு பத்தல."

பழைய ஆளாக இருந்திருந்தால் விதியைச் சொல்லியிருப்பேன். "எந்த வேலைக்கு ஆள் பத்தலைங்க?" என்று கேட்டேன்.

"அறுக்கறது நாங்க பாத்துக்குவோம். கதிர்க் கட்ட களத்துக்குத் தூக்கியாரதுக்குத்தான்."

வள்ளியம்மாள் கணவர் பக்கம் திரும்பினார். "ரூம்புக்குப் புள்ள வுடற வூடு ஏழு இருக்குது. ஏழு வூட்டு ஆம்பளைங்களும் ஒரு நாளைக்கு ஒரு கொல்லின்னு சேந்து தூக்குங்களேன். பொண்ணு தலைல இன்னாத்துக்கு?"

கோவிந்தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கேட்டுப் பாக்கறேன்" என்றார். கேட்டார். ஏழு பேரும் சேர்ந்தார்கள். சனிக்கிழமை நாங்களும் போனோம். தேவராஜ் ஒரு கதிர்க்கட்டைத் தலையில் ஏற்றி, பத்தடி நடந்து, வரப்பில் வழுக்கி உட்கார்ந்தார். கொல்லி முழுக்கச் சிரிப்பு. சங்கீதாதான் அதிகம் சிரித்தாள்.

அறுப்பின் இரண்டாவது வாரம், வெள்ளிக்கிழமை. தேவராஜ் பெயர் கூப்பிடும் சத்தம் என் அறை வரைக்கும் கேட்டது. "உள்ளேன் ஐயா" என்ற குரல்கள் நிற்காமல் வந்துகொண்டிருந்தன. முடிந்ததும் முதல் பெயரிலிருந்து மறுபடியும் கூப்பிட ஆரம்பித்தார். நான் எழுந்து ஓடினேன்.

"பத்தொம்போது மேடம்!" என்றார். கண் கலங்கியிருந்தது. "இந்த ஸ்கூலுக்கு வந்ததுலேர்ந்து அறுப்புல இத நான் பாத்ததில்ல." பிள்ளைகள் தங்களுக்குத் தாங்களே கை தட்டிக்கொண்டார்கள்.

5. அதிகாரி கேட்ட கேள்வி

ஆண்டு முடிவில் ஒரு நாள் காலையிலேயே கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "என்ன திட்டம் இது? எழுதிக் கொடுங்க, மத்த ஸ்கூலுக்கும் அனுப்பறேன்" என்றார். நான் என்ன எழுதுவதென்று யோசிப்பதற்குள், அன்றைக்குக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் முறைக்கு வந்திருந்த வள்ளியம்மாள் கடைசி அறை வாசலில் நின்றபடியே பதில் சொல்லிவிட்டார்.

"திட்டம்லாம் ஒண்ணுமில்ல சார். டீச்சர் வூட்டுக்கு வந்து கேட்டாங்க. நாங்க சொன்னோம்."

சங்கீதா இப்போது வேலூரில் நர்சிங் படிக்கிறாள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்கள் என்னிடம் யோசனை கேட்டால் ஒன்றைத்தான் சொல்கிறேன். பதிவேட்டில் ஆப்சென்ட் போட்ட அன்றே அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போங்கள். போய், அவர்கள் பேசி முடிக்கிறவரைக்கும் உட்காருங்கள்.