கறுப்புக் கட்டத்துக்குள் டாக்டர் ஒக்னியன்

மே பதினெட்டு, திங்கட்கிழமை. வண்ண அச்சு இயந்திரத்தை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு பழுதுபார்க்கும் கடைக்குப் புறப்பட்டார்கள். வெனெத்தா வாசல்வரை பின்னாலேயே போனாள். உதட்டில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுக்காமலே, "மெதுவா, மெதுவா! அதுக்கு முதுகு சரியில்ல" என்றாள்.

டான்யூப் நதிக்கரையில் இருக்கும் அந்தச் சிறிய பல்கேரிய ஊரின் மருத்துவக் கல்லூரியில் அவள் அலுவலக உதவியாளர். வயது அறுபத்தொன்று. வாயிலுக்கு வெளியே, பேருந்து நிறுத்தத்தைப் பார்த்தபடி நிற்கும் சாதனைப் பலகை அவள் பொறுப்பு. சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே பழைய மாணவர்களின் வீடுகளுக்குப் போன் போடுவாள். "என்னம்மா, உன் மகன் ஏதாவது சாதிச்சானா? கல்யாணமா? அது சாதனையில்ல, விபத்து. வேற சொல்லு." ஒன்றும் சிக்காத வாரத்தில் படிக்கிற பிள்ளைகளில் ஒருவரைப் பிடிப்பாள். 'உடற்கூறியலில் ஐந்தாம் முயற்சியில் வெற்றி' என்று ஒருவனைப் பச்சைக் கட்டம் போட்டு மாட்டினாள். அவன் ஒரு மாதம் பின்வாசல் வழியாகத்தான் கல்லூரிக்கு வந்தான்.

ஒரே குறை, அந்தப் பலகையை யாரும் நின்று படிப்பதில்லை. முதல்வர் தொஷ்கோவும் அதைத்தான் சொன்னார். அங்கே மாணவனாக இருந்த காலத்தில், முதல் பிணவறை வகுப்பில் அவர் மயங்கி விழுந்தபோது முகத்தில் தண்ணீர் தெளித்தவள் வெனெத்தா. அதனால் இன்றைக்கும் அவர் அவளுக்குத் தம்பிதான்.

"அக்கா, உங்க பலகைல ஈ கூட உக்காரல. இருபத்தி நாலாம் தேதி எழுத்துத் திருநாள், நம்ம எழுத்தைக் கொண்டாட ஊரே தெருவுக்கு வரும். அதுவரைக்கும் பாப்போம். அப்பவும் யாரும் நிக்கலைன்னா அங்க காப்பி மெஷின் வரும்."

"காப்பி மெஷின் யாரை வாழ்த்தும் தம்பி?"

முதல்வருக்குக் காப்பி பிடிக்கும்.

அந்த வாரம் பார்த்து நல்ல செய்தி வந்தது. பழைய மாணவர் டாக்டர் ஒக்னியனுக்குப் பித்தப்பை அறுவையில் புதுமை செய்ததற்காக சோஃபியாவில் பெரிய பரிசு. மூலையில் கிடந்த பழைய அச்சு இயந்திரத்துக்குக் கறுப்பு தவிர வேறு நிறம் தெரியாது. வெனெத்தா கவலைப்படவில்லை. ஒக்னியனின் படத்தைப் பெரிதாக்கி, கீழே பரிசுச் செய்தியைச் சின்ன எழுத்தில் அச்சிட்டு, சுற்றிலும் தடித்த கட்டம் போட்டு, புதன்கிழமை விடியலில் மாட்டிவிட்டுப் போனாள். அந்த ஊரில் கறுப்புக் கட்டத்துக்குள் படம் போட்டு ஒட்டினால் ஒரே அர்த்தம்தான்: ஆள் போய்விட்டார். மரத்திலும் கதவிலும் அப்படி எத்தனையோ தாள்கள் தொங்குகின்றன. அவசரத்தில் அது அவளுக்குத் தோன்றவே இல்லை.

பத்து மணிக்கு வெளியே வந்தவள் திகைத்து நின்றாள். பலகைக்கு முன்னால் நாற்பது பேர்! ஒக்னியன் மாணவனாகக் குடியிருந்த வீட்டுக்காரம்மா செத்தவர் நினைவாகப் பங்கிடும், சர்க்கரை தூவிய அவித்த கோதுமையோடு வந்திருந்தாள். எல்லார் கையிலும், அங்கே சாவுக்கு மட்டும் கொடுப்பதுபோல், இரட்டைப்படையில் பூக்கள். முதல்வர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"என் வகுப்பு எலும்புக்கூட்டோட தாடையை உடைச்சவன்" என்று அவர் கண்ணைத் துடைத்தார். "நான் அவனைக் கசாப்புக்காரன்னு திட்டினேன். தங்கமான கை அவனுக்கு. ஒரு நிமிஷம் எல்லாரும் மௌனமா நிப்போம்."

மௌனத்தின் நடுவே, கூட்டத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாமல், வெனெத்தா வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

வீட்டுக்காரம்மா அவளை முழங்கையால் இடித்தாள். "சிரிக்கிறியே, வெக்கமா இல்ல?"

"ஏன் சிரிக்கக் கூடாது? இதுக்காக இருபது வருஷம் காத்திருந்தேன்!"

"அடிப் பாதகத்தி! அந்தப் பிள்ளை உனக்கு என்ன பண்ணான்?"

அந்த நேரத்தில் வெனெத்தாவின் போன் அடித்தது.

"அக்கா, ஒக்னியன் பேசறேன். காலைலேருந்து என் பொண்டாட்டிக்கு ஆறுதல் சொல்லிப் போன் மேல போன். நான் செத்துட்டேனா?"

வெனெத்தா படத்தைப் பார்த்தாள், கட்டத்தைப் பார்த்தாள், கோதுமையைப் பார்த்தாள். பிறகு போனைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள். "நீயே சொல்லு கண்ணு. நான் சொன்னா அடிப்பாங்க."

அரை மணி கழித்து, மிச்சமிருந்த கோதுமையைத் தின்றுகொண்டே அவள் முதல்வரிடம் கேட்டாள்: "இனிமே யாரும் படிக்கலன்னு சொல்லுவீங்களா தம்பி?"

"எங்கக்கா படிச்சோம்? படிச்சிருந்தா அழுதிருப்போமா?"

ஆனாலும், நாற்பது பேர் முன்னால் அழுதவருக்கு அந்தப் பலகையைக் கழற்றச் சொல்ல வாய் வரவில்லை. காப்பி மெஷின் மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்தது.

எட்டு மாதம் கழித்து, ஜனவரியில், ஒக்னியனிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'அக்கா, இன்னொரு பரிசு கிடைச்சிருக்கு. படம் அனுப்பறேன். கறுப்புக் கட்டமே போடுங்க. போன தடவை என் கூடப் படிச்சவங்கள்ல மூணு பேர் அழ வரல. இந்தத் தடவை வராங்களான்னு பாக்கணும்.'

வெனெத்தா இரண்டு முறை படித்தாள். பிறகு அளவுகோலை எடுத்து, கட்டத்தை ஒரு விரல் அகலம் கூட்டிப் போட்டாள்.